பெரிய மோட்டாருக்கு சென்சார் பொருத்துவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

210 மெகாவாட் அனல் மின் அலகில் பாய்லருக்கு நீர் செலுத்தும் ஃபீட் பம்பை ஓட்டும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். சுமார் 4 மெகாவாட், 6.6 கேவி, நான்கு துருவம், முழுச் சுமையில் 1491 ஆர்பிஎம், ஏறக்குறைய 400 ஆம்பியர். இரு பக்கமும் ஸ்லீவ் பேரிங் (உருளைகள் இல்லாமல் எண்ணெய்ப் படலத்தில் ஷாஃப்ட் சுழலும் வகை). இதற்கு என்னென்ன சென்சார் வேண்டும், எங்கே எப்படிப் பொருத்துவது, பொருத்திய பிறகு அது உண்மையைத்தான் சொல்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் வேலை நடக்கும் வரிசையிலேயே கீழே இருக்கிறது. சிமென்ட் ஆலையின் மில் மோட்டாருக்கும், சுத்திகரிப்பு ஆலையின் கம்ப்ரசர் மோட்டாருக்கும் இதே முறைதான். எண்கள் மட்டும் மாறும்.

சென்சார் வாங்குவது எளிது. வந்த அளவீட்டை நம்பலாமா கூடாதா என்று தீர்மானிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் ஒவ்வொரு சென்சாருக்கும் அதைச் சோதிக்கும் வழியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

வாங்குவதற்கு முன்

இந்த மாதிரி மோட்டார் கெட்டுப்போகும் வழிகள் நான்குதான்: பேரிங் போகும், ஸ்டேட்டர் இன்சுலேஷன் போகும், ரோட்டார் பார் உடையும், குளிர்விப்பு அடைத்துக்கொண்டு மொத்தமும் சூடாகும். ஒரே சென்சார் நான்கையும் காட்டாது. விற்பனையாளர் காட்டும் பட்டியலிலிருந்து தொடங்காமல், இந்த மோட்டாருக்கு எதைக் கண்டு பயப்படுகிறோம் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, எதை எப்போது பொருத்த முடியும் என்று பாருங்கள். ஸ்டேட்டர் ஸ்லாட்டுக்குள் வைக்கும் ஆர்டிடியை (சூட்டுக்கு ஏற்ப எதிர்ப்பு மாறும் வெப்ப சென்சார்) காயில் போடும்போதே வைத்தாக வேண்டும். பிறகு ரீவைண்டிங் வரும்வரை வழியில்லை. பார்ஷியல் டிஸ்சார்ஜ் (இன்சுலேஷனில் பறக்கும் சிறு மின்பொறி) துடிப்பைப் பிடிக்கும் கப்ளரை ஒரு சிறிய ஷட்டவுனில் டெர்மினல் பாக்ஸுக்குள் பொருத்திவிடலாம். ஷாஃப்ட் அதிர்வுக்கான பிராக்ஸிமிட்டி புரோபுக்கு பேரிங் ஹவுசிங்கில் துளை போட வேண்டும், ஆகவே ஓவர்ஹால் தேவை. அதிர்வுக்கான ஆக்ஸலரோமீட்டர் சில மணி நேர வேலை. கரன்ட்டை அலசுவதற்கு மோட்டாரைத் தொடவே வேண்டாம், ஸ்விட்ச்கியரிலேயே எடுக்கலாம்.

நோட்டுப் புத்தகத்தில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: நேம்பிளேட் முழுவதும், பேரிங் வகை, எந்த பேரிங் இன்சுலேட் செய்யப்பட்டது, மோட்டார் நேரடியாக பஸ்ஸிலிருந்து ஓடுகிறதா அல்லது மாறுவேக டிரைவ் வழியாகவா, டெர்மினல் பாக்ஸில் உள்ள இடைவெளி, ஏற்கெனவே இருக்கும் ஆர்டிடிகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன.

ஆர்டிடி

பிளாட்டினம் ஆர்டிடி 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் காட்டும். அதாவது டிகிரிக்கு சுமார் 0.385 ஓம். இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி பழுதுகளை மல்டிமீட்டரிலேயே கண்டுபிடித்துவிடலாம். 30 டிகிரி அறையில் 111.7 ஓம் அருகில் இருக்க வேண்டும். மூன்று வயர்களில் ஒரே நிறமான இரண்டுக்கும் இடையே வயரின் எதிர்ப்பு மட்டும், அதாவது ஓரிரு ஓம், இருக்க வேண்டும். டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்து ஒரு வயரில் 1 ஓம் கூடினால் அளவீடு 2.6 டிகிரி பிசகும். மூன்று வயர் இணைப்பு, வயர்கள் சமமாக இருந்தால்தான் பிழையைக் கழிக்கும். ஒன்றில் மட்டும் எதிர்ப்பு ஏறினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்லாட் ஆர்டிடி மேல் காயிலுக்கும் கீழ் காயிலுக்கும் நடுவே இருக்கிறது. செம்புக்கும் அதற்கும் இடையே தரை இன்சுலேஷனின் முழுத் தடிமனும் இருப்பதால், செம்பின் சூட்டைவிட அது எப்போதும் குறைவாகவும் தாமதமாகவும் காட்டும். கிளாஸ் எஃப் இன்சுலேஷனின் எல்லை 155 டிகிரி என்பதை வைத்து அலாரத்தை 140-இல் நிறுத்துபவர்கள் உண்டு. எங்கள் கருத்தில் அது பயனற்ற அலாரம். முழுச் சுமையில், வெயில் காலத்தில், மோட்டார் 88 டிகிரி ஓடுகிறது என்றால் அலாரம் 100-இல் இருக்கட்டும். கூலரின் குழாய் அடைப்பதும் ஏர் ஃபில்டர் தூசியால் மூடுவதும் அந்த 12 டிகிரிக்குள்தான் தெரியவரும். ட்ரிப்பை (மோட்டாரைத் தானாக நிறுத்தும் எல்லையை) உற்பத்தியாளர் சொன்ன இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பேரிங் ஆர்டிடியில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்றுதான்: முனை பேரிங் ஷெல்லின் பின்புறத்தைத் தொடாமல் காற்றிலோ எண்ணெயிலோ தொங்கும். ஸ்பிரிங் வைத்த வகையை வாங்குங்கள். பொருத்தும்போது ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் அழுந்துகிறதா என்று கையால் உணர்ந்து பாருங்கள். சுமை தாங்கும் கீழ்ப்பாதி ஷெல்லில் இருக்க வேண்டும். மேல்பாதியில் இருந்தால் சூடு ஏறுவது தெரியும்போது பாபிட் (ஷெல்லின் உட்புறத்தில் உள்ள மென்உலோகப் பூச்சு) ஏற்கெனவே துடைத்துக்கொண்டு போயிருக்கும். ஒரு நாள் முழுக்க நின்ற மோட்டாரில் எல்லா ஆர்டிடியும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாததைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று: வைண்டிங்கை ஹைபாட் (உயர் மின்னழுத்த) சோதனை செய்யும் முன் ஸ்லாட் ஆர்டிடி வயர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து எர்த் செய்ய வேண்டும். மறந்தால் அந்த வயரில் ஆபத்தான மின்னழுத்தம் ஏறும்.

பிராக்ஸிமிட்டி புரோப்

ஸ்லீவ் பேரிங்கில் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. ஹவுசிங்கில் அதிர்வு அளந்தால் அந்தப் படலம் பாதியை விழுங்கிவிடும். அதனால் ஷாஃப்டையே நேரடியாகப் பார்க்கும் எடி கரன்ட் புரோப் தேவை. ஒவ்வொரு பேரிங்கிலும் இரண்டு, ஒன்றுக்கொன்று 90 டிகிரியில், செங்குத்துக்கு இருபுறமும் 45 டிகிரி சாய்வாக. வேகத்தையும் கோணத்தையும் அறிய கீவேயையோ ஒரு குழியையோ பார்க்கும் தனிப் புரோப் ஒன்று.

பரவலாகப் புழங்கும் 8 மில்லிமீட்டர் முனை கொண்ட புரோபின் உணர்திறன் மில்லிமீட்டருக்கு 7.87 வோல்ட். சப்ளை மைனஸ் 24 வோல்ட். புரோப், எக்ஸ்டென்ஷன் கேபிள், டிரைவர் மூன்றும் சேர்ந்துதான் ஒரு அமைப்பு. மொத்த நீளம் 5 மீட்டர் என்றால் எல்லாம் 5 மீட்டர் அமைப்புக்கு உரியவையாக இருக்க வேண்டும். 9 மீட்டர் டிரைவரில் 5 மீட்டர் கேபிள் மாட்டினாலும் ஏதோ ஓர் அளவீடு வரும். அது தவறான அளவீடு.

பொருத்தும் வரிசை:

1. பெஞ்சில் மைக்ரோமீட்டர் வைத்து 0.25 மில்லிமீட்டர் படிகளாக நகர்த்துங்கள். ஒவ்வொரு படிக்கும் சுமார் 1.97 வோல்ட் மாற வேண்டும். சோதனைத் தகடு ஷாஃப்டின் அதே ரக எஃகாக இருக்கட்டும். சாதாரணமாக இந்தப் புரோப்கள் 4140 எஃகுக்கு அளவிடப்பட்டவை, வேறு உலோகத்தில் எண் மாறும்.

2. எக்ஸ்டென்ஷன் கேபிளைக் கழற்றிவிட்டு புரோபைத் திருகுங்கள். கேபிள் மாட்டியபடியே திருகினால் உள்ளே வயர் முறுக்கிக்கொண்டு சில மாதம் கழித்துதான் உடையும்.

3. ஒவ்வொரு சில திருகலுக்கும் கேபிளை மாட்டி வோல்டேஜைப் பாருங்கள். தூரத்தில் மைனஸ் 20-ஐத் தாண்டி இருப்பது, நெருங்க நெருங்கச் சீராக இறங்கி மைனஸ் 10-க்கு வர வேண்டும். ஷாஃப்டிலிருந்து சுமார் 1.27 மில்லிமீட்டர் தூரம் அது.

4. லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள். இறுக்கும்போது கால் வோல்ட், அரை வோல்ட் நகர்வது சகஜம்.

மூன்றாவது படியில் ஒரு பொறி இருக்கிறது. துளை குறுகலாக இருந்தால் புரோப் முனை பக்கவாட்டு உலோகத்தைப் பார்த்து, ஷாஃப்டை நெருங்காமலே மைனஸ் 10 காட்டும். வேலை முடிந்தது என்று நினைத்து நட்டை இறுக்கிவிடுவார்கள். மோட்டார் ஓடும்போது அதிர்வு வியக்கத்தக்க அளவு குறைவாக இருக்கும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதனால் வோல்டேஜ் சீராக இறங்குகிறதா, இல்லை ஆரம்பத்திலேயே மைனஸ் 10 அருகே நிற்கிறதா என்பதை முதல் திருகலிலிருந்தே கவனியுங்கள்.

புரோப் பார்க்கும் ஷாஃப்ட் பட்டையும் முக்கியம். அங்கே கீறல், துரு, குரோம் பூச்சு எதுவும் கூடாது. பெரிய ஸ்லீவ் பேரிங் மோட்டாரில் ரோட்டார் முன்னும் பின்னும் மொத்தம் 12 மில்லிமீட்டர் அளவுக்கு நகரலாம். ஓடும்போது அது காந்த மையத்தில் போய் நிற்கும், கையால் சுற்றும்போது வேறு இடத்தில் இருக்கும். ஆகவே ரன்அவுட்டை (ஷாஃப்ட் பரப்பின் குறைகளால் அதிர்வுபோல் தெரியும் போலி அளவை) சரிபார்ப்பதை ரோட்டாரைக் காந்த மையத்துக்குத் தள்ளி வைத்துத்தான் செய்ய வேண்டும், மெருகிட்ட பட்டையும் அந்த நகர்வைத் தாங்கும் அகலத்தில் இருக்க வேண்டும். ஏபிஐ 670 (இயந்திரக் கண்காணிப்புக்கான அமெரிக்க பெட்ரோலியக் கழக நெறி) ரன்அவுட்டுக்குத் தரும் அளவுகோல்: அனுமதித்த அதிர்வில் 25 விழுக்காடு அல்லது 6 மைக்ரான், இரண்டில் எது பெரிதோ அது.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் கேப் வோல்டேஜை (புரோபின் இடைவெளியைக் காட்டும் டிசி வோல்டேஜை) எழுதிவையுங்கள். ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தில் எழும்புவதால் மேலிருந்து பார்க்கும் புரோபுக்கு இடைவெளி குறையும், 0.1 மில்லிமீட்டர் எழும்பினால் சுமார் 0.8 வோல்ட். அதிர்வு மாறாமல் இந்த டிசி வோல்டேஜ் மட்டும் மாதக்கணக்கில் ஒரே திசையில் நகர்ந்தால் பாபிட் தேய்கிறது என்று பொருள். அதிர்வு அலாரம் இதைக் காட்டாது, பலர் இந்த எண்ணைப் பார்ப்பதும் இல்லை.

ஆக்ஸலரோமீட்டர்

உருளை பேரிங் உள்ள மோட்டாருக்கு இதுவே போதும். ஸ்லீவ் பேரிங்கிலும் ஹவுசிங் அதிர்வுக்கு ஒன்று வைப்பது நல்லது. வழக்கமான வகை ஒரு ஜி-க்கு 100 மில்லிவோல்ட். ஸ்டட் வைத்து, தட்டையாக்கிய பரப்பில், மெல்லிய கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். பெயின்ட்டின்மேல் காந்தத்தில் ஒட்டினால் உயர் அதிர்வெண் பகுதி போய்விடும்; பேரிங் பழுதின் முதல் அறிகுறி அங்கேதான் இருக்கிறது. ஃபேன் கவரிலும் கூலிங் ஃபின்னிலும் வைக்காதீர்கள். சோதனை எளிது: பயாஸ் வோல்டேஜ் (சென்சார் லைனில் எப்போதும் நிற்கும் டிசி வோல்டேஜ்) 10 முதல் 12 வரை இருந்தால் சென்சார் சரி, 0 என்றால் ஷார்ட், சப்ளை அளவான 24 என்றால் வயர் அறுந்திருக்கிறது.

பேரிங் இன்சுலேஷன்: நீங்களே செய்யக்கூடிய சேதம்

பெரிய மோட்டாரில் ஷாஃப்டின் இரு முனைக்கும் இடையே சிறு மின்னழுத்தம் உண்டாகும். அது பேரிங் வழியாகச் சுற்றி ஓடாமல் இருக்க, பம்ப் இல்லாத பக்கத்து பேரிங்கை தரையிலிருந்து இன்சுலேட் செய்திருப்பார்கள். நீங்கள் அங்கே உலோக உறையோடு ஓர் ஆர்டிடியையோ, ஹவுசிங்கிலிருந்து அடித்தளத்துக்கு உலோக கான்டுயிட்டையோ பொருத்தினால் அந்த இன்சுலேஷன் அப்படியே ஷார்ட் ஆகிவிடும். கரன்ட் பாபிட் வழியே பாயும். பரப்பு உறைபனி படிந்ததுபோல மங்கலாகி, நுண்குழிகள் விழுந்து, எண்ணெய் கறுக்கும். சென்சார் பொருத்திய சில மாதங்களில் பேரிங் போனால் முதலில் சென்சார் வேலையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எனவே அந்தப் பக்கத்தில்: ஆர்டிடிக்கு இன்சுலேட் செய்த உறையும் இன்சுலேட்டிங் புஷ்ஷும், கேபிள் ஆர்மரை ஹவுசிங்குக்கு முன்பே நிறுத்துவது, புரோப் பிராக்கெட்டுக்கு அடியில் இன்சுலேட்டிங் தகடு, எண்ணெய்க் குழாயில் இன்சுலேட் செய்த ஃபிளான்ஜ் இருக்கிறதா என்ற சோதனை. வேலைக்கு முன்னும் பின்னும் இன்சுலேஷன் தகடு வழியாக 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் எதிர்ப்பை அளக்கும் கருவி) அளந்து எழுதுங்கள். கப்ளிங் மாட்டியிருந்தால் ஷாஃப்ட் மறுபக்கம் வழியாக எர்த் ஆகி அளவீடு பொய்யாகும். கப்ளிங்கைக் கழற்ற வேண்டும், அல்லது ஷாஃப்டை பேரிங்கிலிருந்து தூக்கிப் பிடித்து அளக்க வேண்டும்.

பார்ஷியல் டிஸ்சார்ஜ் கப்ளர்

இன்சுலேஷனுக்குள் உள்ள வெற்றிடத்தில், அல்லது காயிலுக்கும் இரும்புக்கும் இடையே உள்ள இடைவெளியில், காற்று மில்லிமீட்டருக்கு சுமார் 3 கேவி என்ற அளவில் உடைந்து பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் சில நானோசெகண்ட் நீளும் ஒரு துடிப்பு. அதைப் பிடிக்க ஒவ்வொரு ஃபேஸ் முனையிலும் ஒரு 80 பிக்கோஃபாரட் எப்பாக்ஸி-மைக்கா கெப்பாசிட்டர். 50 ஹெர்ட்ஸுக்கு இது 40 மெகாஓம் அளவு தடை. 100 மெகாஹெர்ட்ஸுக்கு வெறும் 20 ஓம். அதனால் பவர் கரன்ட் மில்லிஆம்பியரில் பத்தில் ஒரு பங்குதான் கசியும், டிஸ்சார்ஜ் துடிப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். 50 ஓம் முனையத்தோடு சேரும்போது 40 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஆலை இரைச்சல் பெரும்பாலும் வடிகட்டப்படுகிறது. 1970-களில் கனடாவின் ஒன்டாரியோ ஹைட்ரோவில் நீர்மின் ஜெனரேட்டர்களுக்காக வளர்த்தெடுத்த முறை இது.

பொருத்தும்போது:

கப்ளரை முதலில் தனியாக ஹைபாட் செய்யுங்கள், 6.6 கேவி மோட்டாருக்கு 14.2 கேவி, ஒரு நிமிடம். டெர்மினல் பாக்ஸில் கப்ளரின் அடிப்பகுதியை பெயின்ட் சுரண்டிய இடத்தில் நல்ல எர்த்தோடு பிணையுங்கள். ஃபேஸ் முனைக்குப் போகும் லீட் முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். நீண்டால் துடிப்பின் கூர்மை போய்விடும். லீட் இன்சுலேட் செய்ததுதானே என்று பாக்ஸ் சுவரை உரசவிடாதீர்கள், அந்த உரசல் இடத்திலேயே டிஸ்சார்ஜ் தொடங்கி, பிறகு நீங்கள் அளப்பது உங்கள் லீட்டைத்தான். கூர்மையான போல்ட் முனைகளை மூடுங்கள். கடைசியாக கப்ளரின் பரப்பைத் துடைத்துக் காய விடுங்கள். விரல் அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் மேற்பரப்பில் கருகிய தடம் விழும்.

மூன்று கோஆக்ஸ் கேபிளையும் ஒரே நீளத்தில் வெட்டி, வெளியே ஒரு சிறு பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. கோஆக்ஸின் முனை எதோடும் இணையாமல் திறந்து கிடந்தால், கப்ளரும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து வோல்டேஜ் டிவைடர் ஆகிவிடும். 5 மீட்டர் கேபிளுக்கு சுமார் 500 பிக்கோஃபாரட் என்று வைத்தால், ஃபேஸ் வோல்டேஜ் 3.8 கேவியில் அந்தத் திறந்த முனையில் 500 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பெட்டிக்குள் இருக்கும் இணைத் தடை இதற்காகத்தான். மோட்டார் ஓடும்போது பெட்டியின் உள் இணைப்பைக் கழற்றக் கூடாது. கருவியை வெளியே உள்ள பிஎன்சி சாக்கெட்டில் மட்டும் மாட்டுங்கள்.

அளவீட்டை எப்படிப் படிப்பது? துடிப்புகளில் நேர்மின் வகை மேலோங்கினால் டிஸ்சார்ஜ் காயிலின் வெளிப்பரப்பில், இரும்பை ஒட்டி நடக்கிறது. எதிர்மின் வகை மேலோங்கினால் செம்பை ஒட்டி. இரண்டும் சமம் என்றால் இன்சுலேஷனின் நடுவே அடுக்கு பிரிந்திருக்கிறது. சுமை ஏற ஏற நேர்மின் வகை கூடினால் காயில் ஸ்லாட்டுக்குள் தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம், காயிலை ஸ்லாட்டில் இறுக்கிப் பிடிக்கும் வெட்ஜைப் பார்க்க வேண்டும். இவை ஃபேஸ்-எர்த் டிஸ்சார்ஜுக்கு. எண்ட் வைண்டிங்கில் இரு ஃபேஸ்களுக்கு இடையே நடப்பது கோணம் 30 டிகிரி தள்ளி வரும், அங்கே வெள்ளைப் பொடியும் ஓசோன் வாடையும் சாட்சி சொல்லும்.

ஒரே ஓர் அளவீட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். வைண்டிங் சூடு, சுமை, வோல்டேஜ், காற்றின் ஈரப்பதம் நான்கையும் கூடவே எழுதி, அடுத்த முறையும் ஏறக்குறைய அதே நிலையில் எடுத்து ஒப்பிடுங்கள். ஆறு மாதத்தில் இரட்டிப்பானால் கண்திறந்து பார்க்க வேண்டிய நேரம். மாறுவேக டிரைவில் ஓடும் மோட்டாருக்கு இந்த வழக்கமான கருவி உதவாது. டிரைவின் ஸ்விட்சிங் துடிப்புகளை அது டிஸ்சார்ஜ் என்று எண்ணிக் குவித்துவிடும்.

ரோட்டார் பழுதைக் கரன்ட்டில் காண்பது

உடைந்த ரோட்டார் பார் ஸ்டேட்டர் கரன்ட்டில் தடயம் விடும். நம் மோட்டாரின் ஸ்லிப் (காந்தப்புலத்தின் வேகத்தைவிட ரோட்டார் பின்தங்கும் அளவு) 1500-க்கு 9, அதாவது 0.6 விழுக்காடு. தடயம் சப்ளை அதிர்வெண்ணிலிருந்து ஸ்லிப்பின் இரு மடங்கு தள்ளி, 49.4-இலும் 50.6-இலும் நிற்கும். இவ்வளவு நெருக்கத்தைப் பிரித்துக் காண ஒரு நிமிடமாவது தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். இந்திய கிரிடில் 49.90 முதல் 50.05 வரை அதிர்வெண் அலையலாம் என்பதால், பதிவு நடக்கும்போதே அது நகர்ந்தால் சிகரம் பரந்து தடயத்தை மூடிவிடும்; இரண்டு மூன்று பதிவுகள் எடுத்து அமைதியானதைத் தேர்ந்தெடுங்கள். பாதிச் சுமைக்குக் கீழே எடுத்தது செல்லாது. பக்கச் சிகரம் பிரதானத்தைவிட 54 டெசிபெல் கீழே இருந்தால் கவலையில்லை, 45-க்குள் வந்தால் ரோட்டாரைத் திறந்து பார்க்கத் திட்டமிடுங்கள்.

கிளாம்ப் மீட்டரை ஸ்விட்ச்கியரில் உள்ள சிடியின் (கரன்ட் அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரி வயரைச் சுற்றி மாட்டுங்கள். வயரைக் கழற்றி வழியேற்படுத்த நினைக்காதீர்கள்: ஓடும் சிடியின் செகண்டரியைத் திறந்தால் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் எழும்.

கேபிள், அடிப்படை அளவீடு, அலாரம்

ஷீல்டை ஒரே முனையில், கன்ட்ரோல் அறைப் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். புரோப் கேபிளின் நடு இணைப்பான் ஹவுசிங்கைத் தொட்டால் அதுவே இரண்டாவது எர்த். ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். அதிர்வு ஸ்பெக்ட்ரத்தில் சரியாக 50 ஹெர்ட்ஸில் ஒரு சிகரம் நின்று, மோட்டாரை அணைத்த பிறகும் போகாவிட்டால் அது இயந்திரம் இல்லை, எர்த் லூப்.

அடிப்படை அளவீடு இரண்டு முறை: பம்பைக் கழற்றிய வெறும் ஓட்டத்தில் ஒன்று, முழுச் சுமையில் சூடு நிலைத்த பிறகு ஒன்று. 300 கிலோவாட்டுக்கு மேற்பட்ட, உறுதியான அடித்தள மோட்டாருக்கு ஐஎஸ்ஓ 20816-3 தரும் ஹவுசிங் எல்லைகள் 2.3, 4.5, 7.1 மில்லிமீட்டர்/செகண்ட் (முறையே நல்லது, ஏற்கத்தக்கது, நீண்ட நாள் ஓட்டக் கூடாதது என்ற நிலைகளின் மேல் எல்லை). அலாரத்தை நேராக 4.5-இல் வைப்பதைவிட, அடிப்படை அளவோடு 4.5-இன் கால் பங்கைக் கூட்டுவது நல்லது என்று அந்த நெறியே சொல்கிறது. அடிப்படை 1.8 என்றால் அலாரம் 2.9. ட்ரிப்புக்கு இரண்டு மூன்று செகண்ட் தாமதம் கொடுங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யும்போதே விழும்.

அலாரம் அடித்தால்

சென்சார் பொய் சொல்கிறது என்று முதலிலேயே முடிவு கட்டாதீர்கள், ஆனால் இரண்டு நிமிடத்தில் விசாரித்துவிடுங்கள். ஆர்டிடி ஒரு செகண்டில் 20 டிகிரி தாவினால் அது வயர்தான். டன் கணக்கான இரும்பும் செம்பும் அப்படிச் சூடாகாது. பத்து நிமிடத்தில் சீராக ஏறினால் நம்புங்கள், பக்கத்து ஆர்டிடியையும் எண்ணெய் வெளியேறும் சூட்டையும் பாருங்கள். புரோப் அலாரம் என்றால் முதலில் கேப் வோல்டேஜ்: பழைய எண்ணிலேயே இருந்தால் அதிர்வு உண்மை, 0-க்கோ 20-க்கு மேலோ போயிருந்தால் இணைப்பான். ஒரே பேரிங்கின் இரு புரோபும் சேர்ந்து ஏறினால் வாதாடாமல் மோட்டாரை நிறுத்தத் தயாராகுங்கள். டிஸ்சார்ஜ் அளவீடு மூன்று ஃபேஸில் ஒன்றில் மட்டும் திடீரென பூஜ்யமானால் இன்சுலேஷன் குணமாகிவிடவில்லை, கோஆக்ஸ் அறுந்திருக்கிறது. மோட்டாரை நிறுத்தி, தனிமைப்படுத்தி, எர்த் செய்த பிறகே அந்த டெர்மினல் பாக்ஸைத் திறக்க வேண்டும்.